பந்தயப் புறாவும் வளர்ப்போர் கடமையும்

ஞாயிற்றுக்கிழமை நண்பகல் வேளை. பெல்ஜிய நாட்டின் சிற்றூர் ஒன்றிலே, ஓட்டுக்கூரை வேய்ந்த வீட்டின் பின்முற்றத்தில், தொழிலாளி ஒருவர் நாற்காலியிட்டு அமர்ந்திருக்கின்றார். அவர் கண்கள் தென்றிசை வானத்தை விட்டு அகலவில்லை. வீட்டார் உரக்கப் பேசுவதில்லை. சிறுவர் முற்றத்தில் ஓடுவதில்லை. திடீரென வானில் ஒரு கரும்புள்ளி தோன்றுகின்றது. புள்ளி பறவையாகின்றது, பறவை சிறகை ஒடுக்கிக் கூரையை நோக்கிச் சரிகின்றது. அன்று அதிகாலையிலே, பல நூறு கிலோமீற்றருக்கு அப்பால், பிரான்சு நாட்டில் கூடையினின்றும் விடுவிக்கப்பட்ட புறா அது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக அந்நாட்டு மக்கள் இக்காட்சிக்காக வானத்தை அண்ணாந்து பார்த்து வருகின்றனர்.

ஒரே வேளையில் ஒரே இடத்திலிருந்து ஆயிரக்கணக்கான புறாக்கள் எழுந்து பறக்கின்றன. அவற்றுள் ஒன்று முந்துகின்றது; பல பிந்துகின்றன; சில வருவதேயில்லை. முந்திய புறா எதனால் முந்தியது? அதன் குலமா, பயிற்சியா, உண்ட தானியமா, ஊட்டிய மருந்தா? இவ்வினாவுக்கு விடை தேடியோர் பெரும்பாலும் கல்லூரிகளில் இருந்த அறிஞரல்லர். தறியிலும் சுரங்கத்திலும் உழைத்த எளிய மக்கள். அவர்கள் கண்ட விடையின் வரலாறே இப்பேச்சின் பொருளாகும்.

வளர்ப்புப் புறாக்கள் அனைத்துக்கும் மூதாதை, கடலோரப் பாறை இடுக்குகளில் வாழும் மலைப்புறா. ‘கொலம்பா லிவியா’ என்பது அறிவியலார் அதற்கு இட்ட பெயர். பாறையிலே கூடு கட்டி, உள்நாட்டு வயல்களில் இரை தேடி, மாலையில் தன் பாறைக்கே மீளும் இயல்பு அதற்கு உண்டு. அவ்வியல்பையே மனிதன் பற்றிக்கொண்டான். ஞாயிற்றின் நிலையும், பூமியின் காந்தப் புலமும், காற்று ஏந்திவரும் மணமும், பழகிய நில அடையாளங்களும் புறாவுக்கு வழிகாட்டுவன என்று ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. தூதுப் புறா என்பது நாம் அனுப்பும் இடத்துக்குச் செல்லும் பறவையன்று. தன் வீட்டுக்குத் திரும்பும் பறவை. வீட்டை நாடும் விருப்பம் இல்லையேல், எத்துணை வலிய சிறகும் பயன்படாது.

இவ்வியல்பை அரசுத் தொழிலாக முதலில் வளர்த்தவர்களுள் கீழைத்தேய மன்னர் முதன்மையானவர். 12-ஆம் நூற்றாண்டில் சிரியாவை ஆண்ட நூருத்தீன், தம் ஆட்சிப் பரப்பெங்கும் புறா அஞ்சலை ஒழுங்குபடுத்தினார். அடுத்த நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட மம்லூக்கு மன்னரும் அதனைப் பேணினர். ஆங்காங்கே மாடங்களும், அவற்றைக் காக்கும் பணியாளரும், தீனிக்குரிய செலவும் அரசின் பொறுப்பாயிருந்தன. தூதுப் புறா என்றால் அதற்கு ஒரு பராமரிப்பாளனும் வேண்டும் என்ற உண்மை அந்நாளிலேயே உணரப்பட்டிருந்தது.

ஐரோப்பாவிலே புறாவின் வேகத்தைப் பந்தயமாக்கியவர் பெல்ஜியப் பகுதி மக்களே. 1818-ஆம் ஆண்டில் அங்கு நூறு மைலுக்கு மேற்பட்ட தூரப் பந்தயம் ஒன்று நடைபெற்றது. 1820-இல் பாரிஸ் நகரிலிருந்து லீயேஜ் நகருக்கும், 1823-இல் இலண்டனிலிருந்து பெல்ஜியத்துக்கும் புறாக்கள் பறக்கவிடப்பட்டன. பெல்ஜியம் தனி நாடாகுமுன்னரே அந்நாட்டுப் புறாப் பந்தயம் பிறந்துவிட்டது என்பது கருதத்தக்கது. லீயேஜ், அன்ட்வேர்ப் ஆகிய நகரங்களைச் சார்ந்து இரு வகைப் புறாக்கள் வளர்க்கப்பட்டன. 19-ஆம் நூற்றாண்டில் அவ்விரு வகையையும் பிறவற்றையும் கலந்ததனால், இன்று உலகெங்கும் பறக்கும் பந்தயப் புறா உருவாயிற்று.

அந்நாளில் புறா விளையாட்டுக்கு மட்டும் உரியதாயிருக்கவில்லை. 1850-இல் ஜேர்மனியின் ஆகென் நகருக்கும் பெல்ஜியத்தின் பிரசெல்ஸ் நகருக்கும் இடையே தந்திக்கம்பி இல்லை. 76 மைல் கொண்ட அவ்விடைவெளியை ஜூலியஸ் ரொய்ட்டர் என்பார் புறாக்களைக் கொண்டு இணைத்தார். பங்குச்சந்தை விலைகள் புகையிரதத்தை முந்திச் சென்றன. உலகப் புகழ்பெற்ற செய்தி நிறுவனமொன்றின் தொடக்கம் இவ்வாறு புறாவின் சிறகில் அமைந்தது. பின்னர் அவ்விடைவெளியிலும் கம்பி இழுக்கப்பட்டது. வணிகர்க்குப் புறா தேவையற்றதாயிற்று. வணிகர் கைவிட்ட பறவையைத் தொழிலாளர் ஏற்றுக்கொண்டனர்.

பெல்ஜியத்தின் நெசவாளரும் சுரங்கத் தொழிலாளரும், வட இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொத்லாந்து ஆகிய பகுதிகளின் நிலக்கரித் தொழிலாளரும் புறா வளர்ப்பில் ஈடுபட்டனர். குதிரைப் பந்தயம் செல்வர்க்குரியது. புறாவுக்கோ வீட்டுப் பரணும் பின்முற்றத்து மரக்கூடும் போதும். நாள் முழுதும் நிலத்துக்கு அடியில் ஒளி காணாது உழைத்தவன், மாலையில் தன் பறவை வானில் வட்டமிடுவதைக் காண விரும்பியதில் வியப்பென்ன? 1886-இல் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லெயோபோல்ட் பிரித்தானிய அரச குடும்பத்துக்குப் பந்தயப் புறாக்களைப் பரிசாக அளித்தார். அதன்பின் சாண்ட்ரிங்காம் அரச மாளிகையிலும் புறாமாடம் அமைந்தது. சுரங்கத் தொழிலாளியின் புறாவும் மன்னரின் புறாவும் ஒரே வானில் போட்டியிட்டன.

பந்தயத்தின் அமைப்பை அறிந்தாலன்றி வளர்ப்போர் எடுக்கும் கவலையை உணர முடியாது. புறாக்குஞ்சு ஒரு வாரம் நிரம்புமுன் அதன் காலில் இணைப்பில்லா வளையம் ஒன்று மாட்டப்படுகின்றது. கால் வளர்ந்தபின் அதனைக் கழற்ற இயலாது. பந்தயத்துக்கு அனுப்பும்போது மற்றொரு இரப்பர் வளையம் மாட்டப்படும். புறா வீடு சேர்ந்ததும் அவ்வளையத்தைக் கழற்றி, முத்திரையிட்ட கடிகாரத்துள் இட்டு, நேரத்தைப் பதிவு செய்வர். 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மின்னணு வளையம் வந்து இவ்வேலையை எளிதாக்கியது. ஒவ்வொரு மாடமும் வெவ்வேறு தூரத்தில் இருப்பதால், தூரத்தை நேரத்தால் வகுத்துக் கிடைக்கும் வேகத்தைக் கொண்டே வெற்றி தீர்மானிக்கப்படுகின்றது.

வீடு வந்த புறா கூரையில் அமர்ந்து உள்ளே நுழையத் தயங்கினால், அரும்பாடுபட்டுப் பெற்ற நிமிடங்கள் வீணாகும். வளர்ப்பவனுக்கு அஞ்சும் புறா அவ்வாறு தயங்கும். அவன் கையில் உண்டு, அவன் குரலை அறிந்து, அவனிடத்தில் அச்சமின்றி வளர்ந்த புறாவோ நேரே கூட்டினுள் புகும். ஆகவே, அடித்தும் துரத்தியும் புறாவை ஆள இயலாது என்பதைப் பழைய வளர்ப்போர் விரைவில் கண்டுகொண்டனர். இப்பந்தயத்தில் அன்பும் ஒரு கருவியே என்றால் மிகையாகாது.

உடல்நிலையும் பயிற்சியும் குறைந்தால் என்ன நேரும் என்பதற்கு 1870-ஆம் ஆண்டு வரலாறு சான்று பகர்கின்றது. அவ்வாண்டு செப்ரெம்பரில் பிரசியப் படைகள் பாரிஸ் நகரை முற்றுகையிட்டன. நகர மக்கள் புகைக்கூண்டுகளில் புறாக்களை ஏற்றி வெளியே அனுப்பினர். வெளியிலிருந்த அதிகாரிகள் செய்திகளை நுண்ணிய நிழற்படச் சுருளாக்கிப் புறாவின் வாலிறகில் கட்டிவிட்டனர். இந்நுண்படக் கலையைச் செயற்படுத்தியவர் ரெனே டக்ரோன் என்பார். ஒரு புறா ஆயிரக்கணக்கான செய்திகளைச் சுமக்க வல்லதாயிற்று. ஆயினும் வெளியே சென்ற புறாக்கள் முந்நூறுக்கு மேல். செய்தியுடன் மீண்டவையோ அறுபதுக்கும் குறைவு.

மற்றவை ஏன் மீளவில்லை? அது கடுங்குளிர் காலம், பகற்பொழுது குறுகியது, பனி நிலத்தை மூடிப் பழகிய அடையாளங்களை மறைத்தது, பருந்துகள் பசியோடு அலைந்தன. கோடைப் பந்தயத்துக்கெனப் பழகிய பறவைகள், முன் அறியாத திசைகளிலிருந்து அப்பருவத்தில் பறக்கவிடப்பட்டன. குலத்தில் அவை தாழ்ந்தனவல்ல. காலமும் ஆயத்தமும் பொருந்தாதவிடத்து நற்குலம் மட்டும் வெற்றி தராது என்பதைப் பாரிஸ் முற்றுகை காட்டியது. எனினும், மீண்ட சில புறாக்கள் முற்றுகையிடப்பட்ட பெருநகரின் தனிமையைப் போக்கியமையால், ஐரோப்பியப் படைகள் பலவும் தமக்கெனப் புறாமாடங்களை அமைக்கலாயின.

இனி, வளர்ப்போர் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்த பேணல் முறையை நோக்குவோம். முதலாவது மாடம். புறாவுக்குக் குளிர் பெரும் பகையன்று. ஈரமும், தேங்கிய காற்றும், நெருக்கமுமே பெரும் பகை. ஆகையால் மாடம் உலர்ந்ததாய், வெயில் படுவதாய், குளிர்காற்று பறவையின் மேல் நேரே வீசாதவாறு கீழே காற்று நுழைந்து மேலே வெளியேறுவதாய் அமைதல் வேண்டும். ஒவ்வொரு புறாவுக்கும் தனி அமர்விடம் வேண்டும். இல்லையேல் ஓயாத சண்டையால் பறவைகள் களைப்புறும். நாள்தோறும் எச்சத்தைச் சுரண்டி அகற்றல் வேண்டும். நோய்க்கிருமிகளுட் பல எச்சத்தின் வழியே பரவுவன. முப்பது புறாவுக்குரிய இடத்தில் அறுபதை அடைப்பவன் பந்தயம் தொடங்குமுன்னரே தோற்றவனாவான்.

இரண்டாவது உணவும் நீரும். புறா ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 கிராம் தானியம் போதும். பட்டாணியும் அவரையினக் கொட்டைகளும் தசையை வளர்க்கும். சோளம், நிலக்கடலை, ஆளிவிதை முதலியன ஆற்றலையும் கொழுப்பையும் அளிக்கும். வாற்கோதுமை உடலை இலேசாக வைத்திருக்கும். நெடுந்தூரம் பறக்கும் புறா பெரும்பாலும் தன் உடற்கொழுப்பையே எரித்துப் பறக்கின்றது. இதனால், பந்தயம் முடிந்து வந்த நாட்களில் இலேசான உணவும், அடுத்த பந்தயம் நெருங்க நெருங்கக் கொழுப்பு மிக்க தானியமும் தருவது பெல்ஜிய வழக்கமாயிற்று. புறாவுக்குப் பல் இல்லை. ஆதலால் வயிற்றில் தானியத்தை அரைப்பதற்குப் பொடிக்கல்லும், முட்டை ஓட்டுக்கும் எலும்புக்கும் வேண்டிய சுண்ணாம்புச் சத்துக்குச் சிப்பி ஓடும் வைக்கப்படுகின்றன.

நீரைக் குறித்து ஒரு சொல். கோழி போலத் தலையைத் தூக்கித் தூக்கிப் புறா நீர் அருந்துவதில்லை. அலகை நீரில் அமிழ்த்தி உறிஞ்சிக் குடிக்கின்றது. நோயுற்ற புறாவின் வாயிலுள்ள கிருமி இதனால் எளிதில் குடிகலத்தில் கலந்து ஏனையவற்றுக்கும் பரவுகின்றது. நாள்தோறும் கலத்தைக் கழுவிப் புதுநீர் வைத்தல் என்பது சிறு வேலைதான். ஆயினும் விலையுயர்ந்த மருந்து பலவும் செய்யாத நன்மையை அது செய்கின்றது. கிழமைக்கொருமுறை குளிப்பதற்கும் அகன்ற தட்டில் நீர் வைப்பர். குளித்த புறா வெயிலில் சிறகை விரித்துக் கிடக்கும் காட்சி, அது நலமாயிருக்கின்றது என்பதற்கும் அடையாளமாகும்.

மூன்றாவது பருவமறிதல். ஒவ்வொரு சிறகின் நுனிப்பகுதியிலும் பறத்தலுக்குரிய பத்து முதன்மை இறகுகள் உள்ளன. ஆண்டுதோறும் அவை உட்புறமிருந்து வெளிப்புறமாக ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. வெளிப்புற நீண்ட இறகுகள் உதிரும் காலத்திலும், உடலிறகு பெருமளவு கழியும் காலத்திலும் புறாவைக் கடும் பந்தயத்துக்கு அனுப்புதல் தகாது. புதிய இறகு முளைக்கும்போது நோயோ பசியோ நேர்ந்தால், இறகின் குறுக்கே நலிந்த கோடு ஒன்று விழும். அவ்விறகு மீண்டும் உதிரும்வரை அக்குறை நீங்காது. எனவே அடுத்த ஆண்டின் வெற்றிக்கு இவ்வாண்டின் இலையுதிர் காலத்திலேயே அடிகோலப்படுகின்றது. பந்தயம் இல்லாத மாதங்களில் புறாவை மறப்பவன், பந்தய மாதங்களில் அதனை நொந்துகொள்வதில் பொருளில்லை.

நான்காவது குடும்பப் பற்று. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கின்றன. 17 அல்லது 18 நாளில் குஞ்சு பொரிக்கின்றது. தம் தீனிப்பையில் ஊறும் பால்போன்ற பொருளை இரண்டுமே குஞ்சுக்கு ஊட்டுகின்றன. முட்டையையோ சிறு குஞ்சையோ விட்டுவந்த புறா மிக விரைந்து மீளும் என்பதைக் கண்ட பழையோர் அந்நிலையிலேயே அதனைப் பந்தயத்துக்கு அனுப்பினர். பின்னர் பெல்ஜியர் வேறொரு முறையையும் வகுத்தனர். இணை சேர்ந்து சில நாள் அடைகாத்தபின் பெட்டையைப் பிரித்துவிட்டு, ஆண்புறாவை அதன் கூட்டறையிலேயே தனியே வைப்பர். பந்தயத்துக்கு அனுப்புமுன் சிறிது நேரம் பெட்டையைக் காட்டுவர். திரும்பி வந்ததும் அது கூட்டில் காத்திருக்கும். இம்முறையால் ஆண்புறா குஞ்சு வளர்க்கும் உழைப்பினின்றும் விடுபடுகின்றது, இறகுதிர்வும் பிந்துகின்றது, வீட்டு நினைவும் மிகுகின்றது. திரும்பிவந்த புறாவுக்கு அதன் துணையைக் காட்டாது ஏமாற்றுபவன், இரண்டொரு கிழமையில் தன் வேகத்தையும் இழப்பான் என்பது வளர்ப்போர் நன்கறிந்த பாடம்.

நல்ல நிலையிலுள்ள புறாவைக் கையில் எடுத்தாலே தெரியும் என்பர் அனுபவசாலிகள். அது பார்வைக்குத் திரண்டு, கைக்கு இலேசாயிருக்கும். இறகு பட்டுப்போல் வழுக்கும். கண் ஒளிவிடும், அலகின் மேலுள்ள தசைப்பகுதி சுண்ணாம்பு பூசியதுபோல் வெண்மையாயிருக்கும். தொண்டை இளஞ்சிவப்பாயிருக்கும், மார்பின் தோல் செதில் நீங்கித் தெளிவுறும். எச்சம் சிறுத்து உருண்டு, மேலே வெண்ணிறம் படிந்திருக்கும். காலையில் மாடத்தின் தரையில் சிறு தூவிகள் உதிர்ந்து கிடக்கும். வெளியே விட்டால் எவரும் துரத்தாமலே ஒரு மணி நேரம் கூட்டமாய்ப் பறந்து திரும்பும். நூல் பயிலாத சுரங்கத் தொழிலாளர் இவ்வடையாளங்களைக் கண்ணாலும் விரலாலும் கற்றனர். தம் மைந்தருக்கும் கற்பித்தனர்.

இவ்வாறு எளியோர் மாடங்களில் பேணப்பட்ட புறாக்களை நாடுகள் இரு உலகப் போர்களிலும் அழைத்தன. 1918 ஒக்டோபர் 4-ஆம் நாள், பிரான்சின் ஆர்கோன் காட்டில் அமெரிக்கப் படைப்பிரிவொன்று எதிரிகளாற் சூழப்பட்டிருந்தது. தன் பக்கத்துப் பீரங்கிக் குண்டுகளும் அதன்மீதே விழுந்துகொண்டிருந்தன. ‘ஷேர் அமி’ என்னும் புறா அச்செய்தியைச் சுமந்து, மார்பிலும் காலிலும் காயமுற்ற நிலையில் தன் மாடத்தை அடைந்தது. அடுத்த ஆண்டில் அது இறந்தது. அதன் உடல் இன்றும் வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் காக்கப்படுகின்றது.

இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியப் புறா வளர்ப்போர் ஏறத்தாழ இரண்டு இலட்சம் புறாக்களை நாட்டுக்கு அளித்தனர். 1942 பெப்ரவரியில் வடகடலில் வீழ்ந்த விமானமொன்றிலிருந்து ‘விங்கி’ என்னும் பெண்புறா, எண்ணெய் படிந்த சிறகுடன் 120 மைல் பறந்து ஸ்கொத்லாந்திலிருந்த தன் கூட்டை அடைந்தது. அது செய்தி எதனையும் கொண்டுவரவில்லை. எனினும், அது வந்த நேரத்தையும் அதன் களைப்பையும் கணித்து விமானம் விழுந்த இடத்தை உய்த்தறிந்து, அதிலிருந்தோரை மீட்டனர். விலங்குகளின் வீரத்துக்கென 1943-இல் நிறுவப்பட்ட டிக்கின் பதக்கத்தை முதலிற் பெற்ற மூன்று புறாக்களுள் அதுவும் ஒன்று. 1949 வரையில் 32 புறாக்கள் அப்பதக்கத்தைப் பெற்றன. அரசு ஆணையிட்டதனால் அவை பறக்கவில்லை. தம் கூட்டை நினைந்தே பறந்தன.

போருக்குப்பின் புறா வளர்ப்பில் புதுக்காலம் பிறந்தது. அதுவரை வெங்காயம், பூண்டு, மூலிகைக் குடிநீர் ஆகியவற்றையே பெரிதும் நம்பியிருந்தோர், ஆய்வுகூட மருந்துகளின் வலிமையைக் கண்டனர். புறாக்களைத் தொன்றுதொட்டு வாட்டிய தொண்டைநோய், ஒட்டுண்ணியான தனிக்கல உயிர் ஒன்றால் விளைவது. பெற்ற புறாவின் பாலோடு அது குஞ்சின் தொண்டைக்குள் செல்லும். மஞ்சள்நிறப் படிவாய் வளர்ந்து மூச்சையும் உணவையும் அடைக்கும். 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் இதற்குச் சிறந்த மருந்துகள் கிடைத்தன. குடற்புழுவுக்கும் குடலை அரிக்கும் நுண்ணுயிர்களுக்கும் மருந்து வந்தது. 1980-களின் தொடக்கத்தில் கழுத்தைத் திருகி நிற்கச் செய்யும் கொடிய வைரசு நோய் ஐரோப்பிய மாடங்களில் பரவியபோது, தடுப்பூசியே அவற்றைக் காத்தது. பல நாடுகளில் அவ்வூசி இடாத புறாவைப் பந்தயத்தில் சேர்ப்பதில்லை. இந்நன்மைகளை எவரும் மறுத்தல் இயலாது.

ஆனால் நன்மையோடு தீமையும் நுழைந்தது. நோயைக் கண்டறிந்து மருந்தளிப்பதை விட்டு, கிழமைதோறும் ஏதேனும் ஒரு மருந்தைக் குடிநீரில் கலக்கும் பழக்கம் பலரிடம் வேரூன்றியது. அதன் பயனாக, அம்மருந்துக்கு அடங்காத தொண்டைநோய் ஒட்டுண்ணிகள் தோன்றின. மருந்தின் துணையால் நலிந்த புறாக்களும் பந்தயத்தில் நின்று, நலிந்த குஞ்சுகளையும் ஈன்றன. 1990-களில் வேறொரு கேடு வெளிப்பட்டது. இறகுதிர்வை நிறுத்தி வைக்கும் கோர்ட்டிசோன் வகை மருந்துகளைச் சிலர் பயன்படுத்தியமையால், எச்சத்தைச் சோதித்து ஊக்கமருந்து காணும் முறை பெல்ஜியத்தில் ஏற்பட்டது. 2013-இல் பெல்ஜியப் புறாக்களின் மாதிரிகள் தென்னாபிரிக்க ஆய்வுகூடமொன்றில் சோதிக்கப்பட்டன. சிலவற்றில் வலிநீக்கி மருந்தும் ஒன்றில் கொக்கெயினும் காணப்பட்டன. தன் களைப்பையும் நோவையும் உணராத புறா, இறங்கி இளைப்பாற வேண்டிய இடத்தையும் உணராது என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தாரில்லை.

இத்தகைய ஆசைக்குப் பின்னே பணம் நின்றது. 2019-இல் ‘அர்மாண்டோ’ என்னும் பெல்ஜியப் புறா 12 இலட்சத்து 50 ஆயிரம் யூரோவுக்கு விலைபோயிற்று. அடுத்த ஆண்டு நவம்பரில் ‘நியூ கிம்’ என்னும் இரண்டு வயதுப் பெட்டைப்புறா 16 இலட்சம் யூரோவுக்கு விற்கப்பட்டது. வாங்கியவர் சீன நாட்டவர். நெசவாளரின் பரணில் தொடங்கிய விளையாட்டு, பெருஞ்செல்வரின் ஏலக்கூடத்தை அடைந்துவிட்டது. அதே காலத்தில், பெல்ஜியத்தின் சிற்றூர்களில் புறா வளர்க்கும் எளியோர் தொகை பெரிதும் சுருங்கிவிட்டது. சுரங்கங்கள் மூடப்பட்டன, முதியோர் மறைந்தனர், இளையோரிடம் நாள்தோறும் மாடம் துப்புரவு செய்யும் பொறுமையும் ஓய்வும் குறைந்தன.

பணமும் மருந்தும் வாங்க இயலாதன சிலவும் உள. பிரித்தானியப் பந்தயச் சங்கத்தின் நூற்றாண்டு விழாவையொட்டி, 1997 யூன் 29-ஆம் நாள், பிரான்சின் நாந்து நகரிலிருந்து 60,000-க்கும் மேற்பட்ட புறாக்கள் விடுவிக்கப்பட்டன. சிறந்த மாடங்களின் தேர்ந்த பறவைகள் அவை. அவற்றுட் பெரும்பகுதி வீடு திரும்பவில்லை. அவ்வேளையில் கடலின் மேற் சென்ற கொன்கோர்ட் விமானத்தின் அதிர்வலை, புறாக்கள் வழியறியப் பயன்படுத்தும் தாழ்ந்த ஒலிகளைக் குலைத்திருக்கக்கூடும் என ஜோன் ஹாக்ஸ்ட்ரம் என்னும் அமெரிக்க ஆய்வாளர் கருத்துரைத்தார். காரணம் எதுவாயினும், அன்று மாலை பல்லாயிரம் முற்றங்களில் மக்கள் வெறும் வானத்தையே பார்த்து நின்றனர். புறாவைக் கூடையில் இடுந்தோறும் அதன் உயிரையும் நாம் பணயம் வைக்கின்றோம் என்ற நினைவு வளர்ப்போர்க்கு என்றும் இருத்தல் வேண்டும்.

வளர்ப்போரின் உடல்நலமும் இங்குக் கருதற்பாலது. புறாவின் இறகுத் தூளையும் உலர்ந்த எச்சத்தின் தூசியையும் நெடுங்காலம் சுவாசிப்போருக்கு நுரையீரல் நோய் உண்டாவதை 1960-களில் மருத்துவர் தெளிவாக விளக்கினர். நிலக்கரித் தூசியால் முன்னரே நலிந்த சுரங்கத் தொழிலாளருக்கு இது மேலுமோர் இடராயிற்று. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு துப்புரவு செய்தலும், மாடத்தில் காற்றோட்டம் மிகச் செய்தலும் பறவைக்கும் மனிதனுக்கும் ஒருங்கே நலம் பயப்பனவாகும். காற்று நல்லதாயின் இருவரும் வாழ்வர். கெட்டதாயின் இருவரும் நலிவர்.

இருநூறு ஆண்டு வரலாற்றைத் தொகுத்து நோக்கின், புறாவை எவரும் பறக்கக் கற்பிக்கவில்லை என்பதும், வீட்டை நாடும் விருப்பத்தை எவரும் அதற்கு ஊட்டவில்லை என்பதும் புலனாகும். அவ்விரண்டும் அது பாறைக் கூட்டிலிருந்து கொண்டுவந்த செல்வம். வளர்ப்போர் செய்யக்கூடியது அச்செல்வத்தைக் கெடாது காப்பதேயாகும். உலர்ந்த மாடம், அளவான கூட்டம், புதுநீர், பருவத்துக்கேற்ற உணவு, நோய் கண்டவிடத்து மருத்துவரின் அறிவுரை, அச்சம் தராத கை ஆகிய இவற்றை ஏழை நெசவாளரும் அளிக்க முடிந்தது. இவற்றை விட்டு வெற்றியைப் புட்டியில் தேடியோர் சிலநாள் வென்றிருக்கலாம். ஆனால் அவர்தம் மாடங்கள் நெடுநாள் நிலைக்கவில்லை.

பந்தயம் முடிந்து பரிசுகள் பகிரப்பட்ட அந்த ஞாயிறு மாலையிலும், பெல்ஜியச் சிற்றூரின் பின்முற்றத்தில் ஒரு வேலை எஞ்சியிருக்கின்றது. வென்ற புறாவுக்கும், பிந்தி வந்த புறாவுக்கும், இனித்தான் வரவேண்டிய புறாவுக்கும் அவர் குடிகலத்தைக் கழுவிப் புதுநீர் நிரப்புகின்றார். இருள் சூழும்வரை கூட்டின் வாயிலைத் திறந்தே வைத்திருக்கின்றார்.